எந்த முகப்பில் கேட்பது? கோலாலம்பூர், பினாங்குப் பல்கலைகளின் கணினி, கல்வித்திறன் உதவிச் சேவைகள்

நூலகத்துக்கு ஐந்துக்கு நாலரை. தகவல் தொழில்நுட்ப உதவி முகப்புக்கு மூன்று. எழுத்துத்திறன் ஆலோசனைக்கு மூன்றரை, அதுவும் நேரத்தோடு போகிறவர்களுக்கு. கற்றல் தளத்துக்கான உதவிக்கு இரண்டரை. தமிழில் எழுதும் மாணவரின் கண்ணால் பார்த்தால் எல்லா மதிப்பெண்ணும் ஒரு படி இறங்கும். காரணம் பின்னால் வருகிறது.

கோலாலம்பூர் லெம்பா பந்தாயில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகம், பினாங்கு குளுகோரில் பழைய மிண்டன் முகாம் இருந்த இடத்தில் நிற்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கான இரண்டு திறந்தநிலைப் பல்கலைகள் ஆகியவற்றை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். பிரிவுகளின் பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும். வேலை ஏறக்குறைய ஒன்றுதான். பெரும்பாலான சேவைக்குத் தனிக் காசு கிடையாது. ஆனாலும் எட்டிப் பார்க்காமலேயே பட்டம் வாங்கிப் போகிறவர்கள் நிறையப் பேர். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, இடைநிலைப்பள்ளியில் மலாய், பல்கலையில் ஆங்கிலம் என்று மூன்று மொழி தாண்டி வருகிற பிள்ளை, முகப்பில் நின்று தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுப் புலனக் குழுவில் சீனியரிடம் கேட்டுக்கொள்கிறது. சீனியர் சொல்வது போன வருஷத்து விடை.

உதவி முகப்பு: கணக்குக்கு மட்டும்

தகவல் தொழில்நுட்ப முகப்பு நன்றாகச் செய்வது ஒன்றே ஒன்று: உங்கள் கணக்கு. கடவுச்சொல், பல்கலை மின்னஞ்சல், வைஃபை, இரட்டைச் சரிபார்ப்பு. இதைத் தாண்டி வேர்ட் கோப்பு ஏன் குலைந்தது என்று கேட்டால், அங்கே இருப்பவர் தமக்குத் தெரிந்ததைச் சொல்வார். அது அவர் வேலை அல்ல.

செமஸ்டர் தொடங்கும் முதல் வாரத்தில் வரிசை நீளமாவதற்குப் பெரிய காரணம் கைப்பேசி மாற்றம். விடுமுறையில் புதுக் கைப்பேசி வாங்கி, பழையதைத் தம்பியிடம் கொடுத்து, உள்ளே இருந்த சரிபார்ப்புக் குறுஞ்செயலியையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். புதுக் கைப்பேசியில் எண் அதேதான் என்றாலும் குறுஞ்செயலியின் இரகசியக் குறியீடு தானாக வந்து சேராது. பழைய கைப்பேசியை அழிக்கும் முன் புதியதில் கணக்கைச் சேர்த்துவிட வேண்டும். இரண்டாவது வழி ஒன்றையும் பதிந்து வைக்க வேண்டும். காப்புக் குறியீடுகள் தரும் கணக்கென்றால் அவற்றை அச்சடித்து, மாணவர் அடையாள அட்டையான மெட்ரிக் அட்டையின் உறைக்குள் மடித்து வைப்பது மேல். பூட்டிக்கொண்ட பிறகு சொந்த ஜிமெயிலிலிருந்து எழுதி உதவி கேட்டுப் பயனில்லை. நீங்கள்தான் என்பதற்கு அதில் சான்று இல்லை. மெட்ரிக் அட்டையோடு நேரில் போனால் சில நிமிட வேலை.

வைஃபையில், பல்கலைகளுக்கெல்லாம் பொதுவான எடுரோம் இணைப்பு ஒரு தனிக் கதை. பயனர்பெயர்க் கட்டத்தில் மெட்ரிக் எண்ணை மட்டும் போட்டாலும் சில வளாகங்களில் இணைப்பு வந்துவிடும். அதே கைப்பேசியோடு வேறொரு பல்கலைக்குப் போனால் வராது. ‘@’ குறியும் பல்கலையின் பின்னொட்டும் சேர்த்து முழு முகவரியாகக் கொடுத்தால்தான் உங்களை எந்தப் பல்கலையிடம் விசாரிப்பது என்று அந்த வளாகத்தின் கருவிக்குத் தெரியும். குளுகோரிலிருந்து ஆய்வுக்காகக் கோலாலம்பூர் வருகிறவர்கள் கிளம்பும் முன்பே தம் வளாகத்தில் முழு முகவரியோடு ஒருமுறை இணைத்துப் பார்த்துவிட வேண்டும். போன இடத்து முகப்பால் உங்கள் கடவுச்சொல்லைத் திருத்தித் தர முடியாது.

மின்னஞ்சலில் புகார் அனுப்புவதென்றால் ஒரு புகாருக்கு ஒரு மடல். மெட்ரிக் எண், நடந்த நாளும் மணியும், வளாக இணைப்பா வீட்டு இணைப்பா, எந்த உலாவி, பிழைச் செய்தி சொல்லுக்குச் சொல், முகவரிப் பட்டையும் சேர்ந்து தெரியும் திரைப்பிடிப்பு. இவ்வளவும் முதல் மடலிலேயே இருந்தால் பதில் அன்றே வர வாய்ப்புண்டு. ‘சிஸ்டம் திறக்கவில்லை, ப்ளீஸ் உதவுங்கள்’ என்று எழுதினால் இதே விவரங்களைக் கேட்டு ஒரு மடல் வரும், அதில் ஒரு நாள் போய்விடும்.

கற்றல் தளம்: நள்ளிரவில் ஆள் இல்லை

மலாயாப் பல்கலையின் ஸ்பெக்ட்ரம், மலேசிய அறிவியல் பல்கலையின் ஈலேர்ன், திறந்தநிலைப் பல்கலைகளின் மைஇன்ஸ்பயர், வாவாசான்லேர்ன் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது மூடுல் என்ற ஒரே மென்பொருள்தான். நிறமும் சின்னமும் வேறு, கோளாறு ஒன்று. ஆகவே ஒன்றில் பழகியது மற்றதிலும் உதவும்.

மூடுலில் அதிகம் பேரைக் கவிழ்ப்பது இடுபணியின் ‘வரைவு’ நிலை. கோப்பை ஏற்றிச் சேமித்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். விரிவுரையாளர் ஒரு குறிப்பிட்ட அமைப்பைத் தேர்ந்திருந்தால் கோப்பு வரைவாகவே கிடக்கும். ‘சப்மிட் அசைன்மெண்ட்’ என்ற இன்னொரு பொத்தானையும் அழுத்தி, சொந்தப் படைப்பு என்ற உறுதிமொழிக் கட்டத்தையும் குறித்தால்தான் கணக்கில் ஏறும். நிலைப் பட்டையில் ‘சப்மிட்டட் ஃபார் கிரேடிங்’ என்று வந்திருக்கிறதா என்று பார்த்து, அந்தத் திரையைப் பிடித்து வையுங்கள். வினாத்தேர்விலும் இதே கதைதான். ‘ஃபினிஷ் அட்டெம்ப்ட்’ அழுத்துவது பாதி வழி. அடுத்த பக்கத்தில் ‘சப்மிட் ஆல் அண்ட் ஃபினிஷ்’ இருக்கிறது. நேரம் முடிந்ததும் தானாக ஏற்றுக்கொள்ளும்படி பெரும்பாலும் வைத்திருப்பார்கள், ஆனால் அது விரிவுரையாளர் தேர்ந்த அமைப்பைப் பொறுத்தது, நம்பி உட்காரக் கூடாது. கருத்துக்களத்தில் எழுதியதைத் திருத்த இயல்பாகக் கிடைப்பது 30 நிமிடம்.

தகராறு வந்தால் கேட்க வேண்டிய சொல் ‘லாக்ஸ்’. நீங்கள் எத்தனை மணிக்கு நுழைந்தீர்கள், எந்தப் பக்கத்தைத் திறந்தீர்கள், கோப்பு எப்போது ஏறியது என்பதெல்லாம் மூடுலில் பதிவாகியிருக்கும். விரிவுரையாளரே தம் பாடப் பக்கத்திலிருந்து அதைப் பார்க்கலாம். ‘நான் அனுப்பினேன் சார்’ என்பதைவிட ‘இரவு 11.40க்கு ஏற்றிய பதிவு லாக்ஸில் இருக்கும், பார்க்க முடியுமா சார்’ என்பதற்குப் பலன் அதிகம்.

இந்தச் சேவைக்கு இரண்டரைதான் போட்டதற்குக் காரணம் உதவியாளர்களின் திறமை அல்ல, நேரம். இடுபணிகளின் கெடு பெரும்பாலும் இரவு 11.59. உதவி முகப்பின் நேரம் அலுவலக நேரம். இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறவனுக்கு யாரும் இல்லை. வகுப்புக் காணொலிகளுக்கும் ஆயுள் உண்டு: டீம்ஸ் பதிவுகள், நிர்வாகம் மாற்றியிருக்காவிட்டால், 120 நாளில் காலாவதியாகும். தேர்வுக்கு முன் பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் வார வகுப்பை விட்டுவைப்பவர்கள் தேதியைக் கவனிக்க வேண்டும்.

நூலகம்: இங்கேதான் முதலில் போக வேண்டும்

நூலகம் என்றால் இரவல் புத்தகமும் குளிரூட்டியும் என்று நினைப்பவர்கள் அதன் பாதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். மலாயாப் பல்கலையின் முதன்மை நூலகமாகட்டும், மலேசிய அறிவியல் பல்கலையின் முதல் துணைவேந்தர் பெயரைத் தாங்கிய ஹம்சா செண்டுட் நூலகமாகட்டும், அங்கே தகவல் திறன் வகுப்புகள் நடக்கின்றன. துறைவாரியாக நூலகரிடம் ஆலோசனையும் கேட்கலாம். ‘உதவி வேண்டும்’ என்று வெறுங்கையோடு போகாமல், தலைப்பு, இதுவரை தேடிய சொற்கள், கிடைத்த இரண்டு கட்டுரைகள் ஆகியவற்றோடு போனால் அரை மணியில் ஒரு வாரத் தேடல் முடியும்.

வீட்டிலிருந்து கட்டுரை திறக்கவில்லை, பணம் கேட்கிறது என்பது எல்லோருக்கும் வரும் முதல் புகார். கூகுளில் தேடி நேராகப் பதிப்பாளர் தளத்துக்குப் போனால் நீங்கள் எந்தப் பல்கலை என்று அதற்குத் தெரியாது. நூலகத் தளம் வழியாக உள்ளே போக வேண்டும். அல்லது கூகுள் ஸ்காலரின் அமைப்புகளில் ‘லைப்ரரி லிங்க்ஸ்’ திறந்து உங்கள் பல்கலையைச் சேர்த்துவிட்டால், பல்கலைக்குச் சந்தா உள்ள கட்டுரைகளின் பக்கத்திலேயே இணைப்பு காட்டும். ஒரு முறை செய்தால் போதும்.

மேற்கோள் மென்பொருள் வகுப்பு நூலகத்தின் சிறந்த சேவை. எண்ட்நோட், மெண்டலி, சொட்டேரோ மூன்றில் எதைக் கற்பிக்கிறார்கள் என்பது உரிமத்தைப் பொறுத்தது. பல்கலைப் பணத்தில் எண்ட்நோட் கிடைத்தாலும், பட்டப்படிப்பு மாணவருக்கு நாங்கள் சொல்வது சொட்டேரோதான்: இலவசம், பட்டம் முடிந்தாலும் உங்களோடு வரும். அதன் இலவசச் சேமிப்பு 300 எம்பி, பிடிஎஃப் சேர்த்தால் சீக்கிரம் நிரம்பும். கோப்பு ஒத்திசைவை நிறுத்திவிட்டுக் குறிப்புகளை மட்டும் ஒத்திசைத்தால் பிரச்சினை இல்லை. எண்ட்நோட் பயன்படுத்துவோர் இரண்டு தவற்றைச் செய்கிறார்கள். ஒன்று, நூலகக் கோப்பை (மேற்கோள் தொகுப்பை எண்ட்நோட் ‘லைப்ரரி’ என்றே அழைக்கும்) மட்டும் பென்டிரைவில் எடுத்துப்போய், அதே பெயருள்ள ‘டேட்டா’ அடைவை விட்டுவிடுவது. கட்டுரைகளெல்லாம் காணாமல் போகும். இரண்டு, ஓடிக்கொண்டிருக்கும் நூலகத்தை கூகுள் டிரைவ் போன்ற ஒத்திசைவு அடைவுக்குள் வைப்பது, கோப்பு சிதையும். இடம் மாற்ற ‘கம்ப்ரெஸ்டு லைப்ரரி’ செய்து எடுத்துப்போக வேண்டும்.

எந்த வகுப்பிலும் சொல்லித் தராத சங்கதி ஒன்று: நம் பெயர். குமரன் ஏ/எல் முத்து (ஏ/எல் என்றால் மகன்) என்பவரின் கட்டுரையை இம்மென்பொருள்களில் சேர்த்தால், கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயரென்று எடுத்துக்கொண்டு ‘முத்து, கே. ஏ/எல்’ என்று மேற்கோள் பட்டியலில் போடும். மகன் செய்த ஆய்வு அப்பா பெயரில் ஏறிவிடும். மகள் என்று ஏ/பி போட்ட பெயர்களுக்கும் இதே கதி. சொட்டேரோவில் பெயர்க் கட்டத்தின் வலப்பக்கம் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் இரண்டு கட்டமும் ஒன்றாகும். முழுப் பெயரையும் அதில் எழுதலாம். எண்ட்நோட்டில் முழுப் பெயரையும் எழுதிக் கடைசியில் ஒரு காற்புள்ளி வைத்தால் அதை உடைக்காது. ஆனால் அந்த ஆய்வாளரே தம் கட்டுரைகளில் ‘குமரன், எம்.’ என்று போட்டுக்கொள்பவராக இருந்தால் குடும்பப் பெயர்க் கட்டத்தில் குமரன், முதற்பெயர்க் கட்டத்தில் முத்து என்று மாற்றிப் போடுவதுதான் சரி. ஆய்வாளர் அடையாளத் தளமான ஆர்கிட்டில் அவருடைய பக்கத்தைப் பார்த்தால் எந்த வடிவம் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, நூலகப் பட்டியலில் தமிழ் நூல் தேடுவது. 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிக் கோலாலம்பூருக்கு வந்த இந்திய ஆய்வியல் துறையால் மலாயாப் பல்கலை நூலகத்தில் தமிழ் நூல்கள் நிறையவே உண்டு. இருந்தும் ‘இல்லை’ என்று திரும்புகிறவர்கள் பலர், ஏனென்றால் பட்டியல் பேசும் எழுத்துக்கூட்டல் வேறு. உலக நூலகங்கள் தமிழை ரோமன் எழுத்தில் பதிய ஒரு பொது முறையைக் கையாளுகின்றன. அது ஒலியைப் பார்ப்பதில்லை, எழுத்தைப் பார்க்கிறது. சகரத்துக்கு எப்போதும் ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்தான ‘சி’ மட்டும், ‘எஸ்’ஸும் இல்லை, பின்னால் ‘எச்’சும் இல்லை. தகரத்துக்கு வெறும் ‘டீ’, நாம் குடிக்கும் அதே டீ. ழகரத்துக்கு ‘எல்’ போதும், ‘இசட்’ வராது. பகரம் எப்படி ஒலித்தாலும் பதினாறாம் எழுத்துத்தான், இரண்டாம் எழுத்து வராது. ஆக, பக்தி என்று தேட பி, ஏ, கே, டீ, ஐ. சோழர் என்று தேட சி, ஓ, எல், ஏ, ஆர். மேல்கீழ்க் குறிகளைத் தட்ட வேண்டியதில்லை. சில பதிவுகளில் தமிழ் எழுத்தும் உடன் இருக்கும், அதனால் ஒருங்குறியிலும் (யூனிகோட் தமிழ்) ஒருமுறை தேடிப் பாருங்கள். 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டுக் கட்டுரைத் தொகுதி ஆங்கிலத் தலைப்பில் பதிவாகியிருப்பதால் தமிழ்ச் சொல்லால் தேடுகிறவர் கண்ணில் படாது.

ஆய்வேடு எழுதுவோர் முதலில் திறக்க வேண்டியது தம் பல்கலையின் ஆய்வேட்டுக் களஞ்சியம். மலாயாப் பல்கலை, மலேசிய அறிவியல் பல்கலை இரண்டின் களஞ்சியங்களும் இயங்கலையில் இருக்கின்றன. தம் துறையில் அண்மையில் ஏற்கப்பட்ட ஒன்றை எடுத்து முகப்புப் பக்கம், சுருக்கத்தின் நீளம், அத்தியாயத் தலைப்பு முறை ஆகியவற்றைப் பார்த்தால், வழிகாட்டி நூலில் புரியாதது புரிந்துவிடும்.

டர்னிட்டின் பற்றி

எழுதியது வேறெதோடும் ஒத்துப்போகிறதா என்று சோதிக்கும் இந்த மென்பொருளைச் சில இடங்களில் நூலகம் பார்க்கிறது, சில இடங்களில் கல்வி மேம்பாட்டு மையம். யார் பார்த்தாலும் மாணவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். வரும் விழுக்காடு திருட்டின் அளவல்ல, ஒத்துப்போன சொற்களின் அளவு. நூற்பட்டியலையும் மேற்கோள் குறிக்குள் இருப்பதையும் விலக்கினாலே எண் கணிசமாக இறங்கும். அந்த விலக்கைச் செய்ய அனுமதி உண்டா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் மூன்று மறுபதிவேற்றத்துக்கு அறிக்கை உடனுக்குடன் வரும். அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கெடு நாளில் ஐந்தாம் முறை ஏற்றிவிட்டு அறிக்கைக்காகத் தவிப்பது இதனால்தான்.

இயங்கலைச் சந்தைகளில் சில ரிங்கிட்டுக்கு ‘டர்னிட்டின் செக்’ விற்கிறார்கள். வேண்டாம். விற்பவரின் கணக்கில் ‘களஞ்சியத்தில் சேமி’ என்ற அமைப்பு இருந்தால் உங்கள் ஆய்வேடு அங்கே தங்கிவிடும். பிறகு பல்கலை வழியாக ஏற்றும்போது நூற்றுக்கு நூறு ஒத்துப்போகும், யாரோடு என்றால் உங்களோடேயே. அதை நீக்கச் சொல்லி முறையிடவேண்டிய கணக்கு யாருடையது என்றுகூட உங்களுக்குத் தெரியாது. பல்கலை தரும் முன்னோட்டப் பெட்டியில், சேமிக்காத அமைப்பில் பார்ப்பதுதான் வழி.

2023 ஏப்ரலில் டர்னிட்டினில் சேர்ந்த, செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று சொல்லும் கணிப்பு முதலில் ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டது, குறைந்தது 300 சொல் வேண்டும். அந்த எண்ணை வைத்து யாராவது கேள்வி எழுப்பினால் வாதாடுவதைவிடக் கோப்பின் வரலாற்றைக் காட்டுவது எளிது. கூகுள் டாக்ஸில் எழுதினால் பதிப்பு வரலாறு தானாகவே சேர்ந்துகொண்டிருக்கும். வேர்டில் எழுதுவோர் ஒன்டிரைவில் சேமித்தால் அதே வசதி.

எழுத்துத்திறன், மொழி

எழுத்துத்திறன் ஆலோசனை பலரும் தவறாகப் புரிந்துகொண்ட சேவை. அவர்கள் பிழை திருத்தித் தரமாட்டார்கள். 20 பக்கத்தைக் கொடுத்துவிட்டு நாளை வாங்கிக்கொள்கிறேன் என்றால் முகம் சுளிப்பார்கள், அதில் தவறும் இல்லை. இரண்டு பக்கம், கேள்வித்தாள், மதிப்பெண் அட்டவணை மூன்றும் எடுத்துக்கொண்டு, கெடுவுக்குப் பத்து நாள் முன் போய், ‘என் வாதம் எந்த இடத்தில் விட்டுப்போகிறது’ என்று கேட்டால் பயன் கிடைக்கும். பல்கலை நுழைவுக்கான ஆங்கிலத் தேர்வான முயெட்டில் மூன்றாம், நான்காம் நிலையில் வந்தவர்களுக்கு இலக்கணத்தைவிடப் பத்தி அமைப்புத்தான் பெரும்பாலும் தடை. முதல் வாக்கியத்திலேயே சொல்ல வந்ததைச் சொல்லும் பழக்கம் நம் கட்டுரைப் பயிற்சியில் குறைவு. முன்னுரை பாடிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவோம்.

ஆய்வேட்டுக்கு மலாய்ச் சுருக்கமும் வேண்டும் என்பது கடைசி வாரத்தில்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆங்கிலச் சுருக்கத்தை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு எடுத்தால் வாக்கியம் சரியாக வரலாம், துறைச்சொல் இந்தோனேசிய வழக்காக வந்துவிடுவதுண்டு. மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பகாசாவின் இயங்கலை அகராதியான பி.ஆர்.பி.எம். தளத்தில் ஒவ்வொரு கலைச்சொல்லையும் துறைவாரியாகச் சரிபார்க்கலாம், இலவசம்.

வேர்டும் தமிழும்

கணினித் திறன் வகுப்புகளில் வேர்ட் பாடம்தான் உடனே பலன் தருவது. தலைப்புகளைக் கையால் தடிப்பாக்காமல் ‘ஹெடிங்’ பாணியில் வைத்தால் பொருளடக்கம் தானாக வரும். முன்பக்கங்களுக்கு ரோமன் எண், அத்தியாயம் ஒன்றிலிருந்து 1 என்று தொடங்க, இடையில் வைக்க வேண்டியது ‘செக்ஷன் பிரேக்’, பேஜ் பிரேக் அல்ல. பிறகு புதுப் பகுதியின் பக்க அடிப்பட்டையில் (‘ஃபூட்டர்’) சொடுக்கி ‘லிங்க் டு ப்ரீவியஸ்’ஸை அணைக்க வேண்டும். இதை மறந்தால் ஒரு பக்கம் மாற்ற மற்றதும் மாறும். எல்லாம் முடிந்ததும் கன்ட்ரோல்-ஏ, எஃப்9 அழுத்தினால் பொருளடக்க எண்கள் புதுப்பிக்கப்படும். வளாகத்தைச் சுற்றியுள்ள ஆய்வேடு கட்டும் கடைகள் சிலவற்றில் இந்த வேலையைக் காசுக்குச் செய்து தருகிறார்கள்; பொருளடக்கத்தைக் கையால் தட்டிக் கொடுத்திருந்தால், தேர்வாளர் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லும்போது எல்லா எண்ணும் பிசகும்.

இதுவரை வகுப்பில் சொல்வார்கள். இனி வருவதைச் சொல்லமாட்டார்கள், மதிப்பெண் இறங்குவது இங்கேதான். வேர்ட், தமிழைச் ‘சிக்கல் எழுத்து’ வகையில் வைத்து அதற்குத் தனி எழுத்துருவும் தனி அளவும் கணக்கு வைக்கிறது. மேலே எழுத்துருப் பட்டியலில் மாற்றியது ஆங்கிலத்துக்கு மட்டும் ஏறி, தமிழ் லதா எழுத்துருவிலேயே நிற்பதற்கு இதுதான் காரணம். முதலில் ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைத் திருத்து மொழியாகச் சேர்க்க வேண்டும். பிறகு ‘நார்மல்’ பாணியின் மேல் வலது சொடுக்கி, மாடிஃபை, ஃபார்மட், ஃபாண்ட் என்று போனால் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற தனிப் பகுதி தெரியும். அங்கே தமிழ் எழுத்துருவையும் அளவையும் வைக்க வேண்டும். ஆங்கிலம் 12 என்றால் தமிழ் 11 அல்லது 10.5 கண்ணுக்குச் சமமாக இருக்கும். வரி இடைவெளி தமிழ் வரும் வரியில் மட்டும் விரிந்தால் ‘எக்ஸாக்ட்லி’ போட்டுச் சரிசெய்யலாம். ரொம்பவும் இறுக்கினால் கீ, மீ போன்ற எழுத்துகளின் மேற்சுழி வெட்டுப்படும்.

அடுத்து, பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள். ஆசிரியர்களிடமிருந்தும் சங்கங்களிடமிருந்தும் வரும் பழைய ஆவணங்களில் இவை ஏராளம். சோதனை எளிது: ஒரு வரியைத் தேர்ந்து ஏரியல் எழுத்துருவுக்கு மாற்றுங்கள். தமிழாகவே நின்றால் ஒருங்குறி. ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறினால் பழையது. பழையதை அப்படியே டர்னிட்டினில் ஏற்றினால் அது தமிழைப் பார்க்காது, குப்பையைத்தான் பார்க்கும். முரசு அஞ்சலிலோ என்.எச்.எம். கன்வெர்ட்டரிலோ ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு, கலந்து வரும் ஆங்கிலச் சொற்களைக் கையால் திருத்த வேண்டும். மாற்றும் மென்பொருள் அவற்றையும் தமிழென்று நினைத்துக் குதறியிருக்கும்.

முரசு அஞ்சலை 1985இலிருந்து உருவாக்கி வருபவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஆய்வுக்கூடக் கணினியில் தமிழில் தட்ட முடியவில்லை என்பது எங்களுக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அந்தக் கணினிகளில் எதையும் நிறுவ மாணவருக்கு உரிமை இருப்பதில்லை. விண்டோஸ் 10, 11இல் மொழி அமைப்பு வழியாகத் தமிழ் விசைப்பலகை சேர்க்க அனுமதித்திருந்தால் அது போதும்; ஒலியியல் முறையும் 2019 முதல் உள்ளேயே இருக்கிறது. கணினியை அணைத்ததும் அமைப்பு அழிந்துவிடும் கூடங்களில் ஒவ்வொரு முறையும் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும். மேக் கணினிகளில் அஞ்சல், தமிழ்99 என்ற இரண்டு விசைப்பலகைகளும் உடன் வருகின்றன.

பிடிஎஃப் ஆக்கிய பிறகு ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறி வந்தால், திரையில் அழகாகத் தெரிந்தாலும் உள்ளே எழுத்து சிதைந்திருக்கிறது; தேடலும் ஒப்பீடும் வேலை செய்யாது. ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ வழியை விட்டு ‘சேவ் ஆஸ்’ வழியில் எடுத்துப் பாருங்கள். டர்னிட்டினுக்கு வேர்ட் கோப்பையே ஏற்றுவது இன்னும் பாதுகாப்பு. வருடிய பழைய தமிழ்ப் பக்கங்களை எழுத்தாக்க கூகுள் டிரைவில் ஏற்றி, வலது சொடுக்கி, கூகுள் டாக்ஸில் திறந்தால் போதும். கோப்பு 2 எம்பிக்கு மேல் போகாமல் பிரித்துக்கொள்ள வேண்டும். பார்வைக் குறையுள்ள நண்பருக்குக் குறிப்புகளைப் பகிர்வோரும் இதைச் செய்துவிட்டுப் பகிரலாம். அவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ இலவசத் திரைவாசிப்பான் தமிழையும் வாசிக்கும், ஆனால் படமாக இருக்கும் பக்கத்தில் வாசிக்க எழுத்தே இருக்காது.

புள்ளியியல் மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உரிமம் பெரும்பாலும் வளாகக் கணினிகளோடு நின்றுவிடும். வகுப்பை அங்கே முடித்துவிட்டு, வீட்டில் ஜமோவியை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், எஸ்பிஎஸ்எஸ்ஸின் தரவுக் கோப்பை அப்படியே திறக்கும். வெளியீட்டுக் கோப்பை மட்டும் திறக்காது, அதைக் கூடத்திலேயே பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு வர வேண்டும்.

பட்டம் முடிகிறவர்களுக்கு

கணக்கு எந்தத் தேதியில் மூடப்படும் என்று உதவி முகப்பில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கூகுள் வழி மாணவர் கணக்கு என்றால் டேக்அவுட்டில் ‘உள்ளடக்கத்தை மாற்று’ என்ற வசதி கல்விக் கணக்குகளுக்கு உண்டு. நிர்வாகம் அதை அடைத்து வைத்திருக்கவில்லையென்றால் மடல்களும் டிரைவ் கோப்புகளும் சொந்தக் கணக்குக்கு நகலாகும். சொந்தக் கணக்கின் இலவச இடம் 15 ஜிபி, ஆகவே வகுப்புக் காணொலிகளை முதலில் கழித்துவிட வேண்டும். சொட்டேரோ, ஆர்கிட் ஆகியவற்றைப் பல்கலை மின்னஞ்சலில் பதிந்திருந்தால் சொந்த முகவரியை இப்போதே சேர்த்துவிடுங்கள். கணக்கு போன பிறகு உறுதி மடல் வந்து சேர இடமிருக்காது. எண்ட்நோட் நூலகத்தை, மற்ற மேற்கோள் மென்பொருள்களும் படிக்கும் ஆர்ஐஎஸ் வடிவில் ஏற்றுமதி செய்து வையுங்கள். ‘என்னுடன் பகிர்ந்தவை’ பகுதியில் கிடப்பது எதுவும் டேக்அவுட் நகலில் வராது. குழு ஆய்வின் கோப்பு தோழி கணக்கில் இருந்தால், அவர் கணக்கு மூடும் நாளில் அதுவும் போய்விடும். ஒவ்வொன்றாகத் திறந்து ‘நகல் எடு’ அழுத்தி உங்கள் டிரைவில் வைத்த பிறகு மாற்றத்தைத் தொடங்குங்கள்.